தலைமறைவு வைரஸின் ஆர்.என்.ஏ.

(பொதுமக்களுக்காக ஆற்றிய அறிவியல் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த அரங்கில் உட்கார்ந்திருப்பவர்களில் பத்துக்கு ஒன்பது பேராவது எப்ஸ்டைன்-பார் என்ற வைரஸைச் சுமந்துகொண்டுதான் வந்திருக்கிறீர்கள். நானும் அதில் சேர்த்தி. உலகில் வயது வந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இது இருக்கிறது. நம் ஊரில் பெரும்பாலோருக்குச் சின்ன வயதிலேயே, யாரோ ஒருவருடைய எச்சில் வழியாக வந்து சேர்ந்திருக்கும். இரண்டு நாள் காய்ச்சல் அடித்திருக்கலாம். அதுவும் இல்லாமல் போயிருக்கலாம். வந்தது தெரியாது. ஆனால் வந்தது போகவில்லை என்பது தெரியும். சாகும்வரை அது உள்ளேயே இருக்கும்.

ஹெர்ப்பிஸ் குடும்பத்துக்கே இந்தக் குணம் உண்டு. மனிதனைப் பிடிக்கிற ஹெர்ப்பிஸ் வைரஸ்கள் ஒன்பது. அவற்றில் ஒன்றை நம் பாட்டிமார் நன்றாகவே அறிவார்கள். சின்னம்மை போட்டு, வேப்பிலை கட்டி, தலைக்குத் தண்ணீர் ஊற்றியதோடு கதை முடிந்தது என்று நினைக்கிறோம். அந்த வைரஸோ முதுகெலும்பை ஒட்டிய நரம்பு முடிச்சுகளுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஐம்பது வருஷம் கழித்து, உடம்பு தளர்ந்த ஒருநாள், விலாவைச் சுற்றி அக்கியாக எழும்புகிறது. குயவரிடம் போய்க் காவி குழைத்து அக்கி எழுதிக்கொள்ளும் வழக்கம் இன்றும் நம்மிடம் இருக்கிறது. எழுதினாலும் எழுதாவிட்டாலும் மூன்று நான்கு வாரத்தில் கொப்புளம் உதிர்ந்துவிடும் என்பதால் அந்த வைத்தியத்துக்கு நல்ல பெயர். கொப்புளம் போன பிறகும் மாதக்கணக்கில் நிற்கிற நரம்பு வலிதான் பெரிய தொல்லை. அதற்கு வழி விடாமல் இருக்க, கொப்புளம் கண்ட மூன்று நாளுக்குள் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். இது பேச்சுக்கு இடையில் ஒரு டாக்டரின் வழக்கமான நச்சரிப்பு, பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இன்றைக்கு நான் எடுத்துக்கொண்ட கேள்வி, இவை எப்படி இத்தனை வருஷம் பிடிபடாமல் இருக்கின்றன என்பது. விடையின் ஒரு பெரிய பகுதி ஆர்.என்.ஏ.யில் இருக்கிறது. அதுவும் எந்தப் புரதத்துக்கும் செய்முறை ஏந்தாத, புரதம் ஆகாத ஆர்.என்.ஏ.யில்.

பள்ளிக்கூடத்தில் படித்தது நினைவிருக்கும். டி.என்.ஏ.வில் இருக்கும் செய்தியை ஆர்.என்.ஏ. படியெடுத்து ரைபோசோமுக்குக் கொண்டுபோகிறது. ரைபோசோம் அதைப் படித்துப் புரதம் செய்கிறது. சரிதான். ஆனால் அந்த ரைபோசோமின் நடுமையமே புரதம் ஆகாத ஆர்.என்.ஏ.யால் ஆனது. அதன் அமைப்பை அணு அணுவாகக் காட்டியதற்காக 2009இல் வேதியியல் நோபெல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். இன்னொருவர் தாமஸ் ஸ்டைட்ஸ். அவருடைய மனைவி ஜோன் ஸ்டைட்ஸ் இந்தச் சொற்பொழிவில் திரும்பத் திரும்ப வருவார். பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் உடம்பின் செல்கள் ஒரு கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. உள்ளே என்ன புரதம் செய்தாலும் அதில் ஒரு துணுக்கை வெட்டி மேற்பரப்பில் காட்டியாக வேண்டும். அன்றைக்குச் சமைத்ததில் ஒரு பிடியை ஒவ்வொரு வீட்டுக்காரரும் வாசலில் வைத்தாக வேண்டும் என்று ஊர்க்கட்டுப்பாடு போட்டால் எப்படி இருக்கும், அப்படி. டி செல்கள் என்ற காவலர்கள் சுற்றி வந்து பார்ப்பார்கள். பழக்கமில்லாத துணுக்கு கண்ணில் பட்டால் அந்தச் செல்லையே கொன்றுவிடுவார்கள். வைரஸ் ஒரே ஒரு புரதம் செய்தாலும் மாட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. ஆனால் ஆர்.என்.ஏ.யைத் துணுக்காக்கி மேற்பரப்பில் காட்டும் ஏற்பாடு நம் செல்களில் கிடையாது. ஆகவே புரதத்தைச் செய்யாமல், ஆர்.என்.ஏ.யை மட்டும் வைத்துக்கொண்டு எத்தனை காரியம் பார்க்க முடியுமோ அத்தனையும் பார்த்துக்கொள்வது தலைமறைவாக வாழ நினைக்கும் வைரஸுக்கு லாபம்.

எப்ஸ்டைன்-பார் வைரஸ் இதை எவ்வளவு தூரம் கொண்டுபோயிருக்கிறது பாருங்கள். அதனிடம் சுமார் எண்பத்தைந்து புரதங்களுக்கான மரபணுக்கள் இருக்கின்றன. பர்கிட் கட்டி என்ற புற்றின் செல்களில் அது செய்வது பெரும்பாலும் ஒரே ஒரு புரதம், எப்னா-1. செல் பிரியும்போது வைரஸின் டி.என்.ஏ. தொலைந்துபோகாமல் நம் குரோமோசோமோடு அதைக் கட்டிவைக்கிற புரதம் அது. வேறு வழியில்லை, செய்தே ஆக வேண்டும். அதிலும் கிளைசின், அலனின் என்ற இரண்டே அமினோ அமிலங்கள் மாறி மாறி வரும் நீண்ட பகுதி ஒன்றை நடுவில் வைத்திருக்கிறது. துணுக்காகி மேற்பரப்புக்குப் போவதை அந்தப் பகுதி தடுக்கிறது. இந்த ஒரு புரதம் போக, அந்தச் செல்லில் வைரஸ் செய்து குவிப்பதெல்லாம் புரதம் ஆகாத ஆர்.என்.ஏ.தான்.

இந்த வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டதற்குக் காரணமும் ஒரு சொற்பொழிவுதான். உகாண்டாவில் அறுவை மருத்துவராக இருந்த அயர்லாந்துக்காரர் டெனிஸ் பர்கிட், குழந்தைகளின் தாடையில் வரும் ஒரு கட்டியைப் பற்றி 1961 மார்ச் 22 அன்று லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் பேசினார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஆன்டனி எப்ஸ்டைன் என்ற ஆராய்ச்சியாளரும் ஒருவர். இந்தக் கட்டி ஆப்பிரிக்காவில் வெப்பமும் மழையும் மிகுந்த இடங்களில் மட்டும் தலைகாட்டுவதைக் கேட்டதும், இதற்குப் பின்னால் ஒரு வைரஸ் இருக்க வேண்டும் என்று அவருக்குப் பொறி தட்டியது. கம்பாலாவிலிருந்து கட்டித் துண்டுகள் விமானத்தில் லண்டனுக்கு வந்துகொண்டே இருந்தன. எதிலும் ஒன்றும் கிடைக்கவில்லை. 1963 டிசம்பரில் பனிமூட்டத்தால் ஒரு விமானத்தை மான்செஸ்டருக்குத் திருப்பிவிட்டார்கள். தாமதமாக வந்த குப்பியில் திரவம் கலங்கியிருந்தது. பாக்டீரியா புகுந்து கெட்டுப்போயிற்று என்று கொட்டிவிடுவதுதான் வழக்கம். எப்ஸ்டைன் ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். கட்டியிலிருந்து உதிர்ந்த செல்கள் உயிரோடு மிதந்தன. அவற்றை வளர்த்து, 1964இல் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வைத்தபோது ஹெர்ப்பிஸ் வடிவத்தில் வைரஸ் தெரிந்தது. உடன் உழைத்தவர்கள் இவான் பார், பெர்ட் அச்சாங். எப்ஸ்டைன் 2024இல்தான் காலமானார், 102 வயதில்.

இனி ஜோன் ஸ்டைட்ஸ். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் அவருடைய ஆய்வகம் லூபஸ் நோயாளிகளின் ரத்தத்தை ஒரு கருவியாகப் பயன்படுத்திக்கொண்டிருந்தது. லூபஸில் உடம்பு தன் செல்களின் சொந்தப் பொருள்கள் மீதே எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது. நோயாளிக்கு அது துன்பம். ஆராய்ச்சியாளருக்கு அதே எதிர்ப்பொருள், செல்லுக்குள் இருக்கும் குறிப்பிட்ட ஒரு புரதத்தை அதோடு ஒட்டியிருப்பவற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும் தூண்டில். அப்படி இழுக்கக்கூடிய புரதங்களில் ஒன்றின் பெயர் லா. யாருடைய ரத்தத்தில் அந்த எதிர்ப்பொருள் முதலில் தெரிந்ததோ அந்த நோயாளியின் பெயரில் முதல் எழுத்துகள் அவை.

கதிரியக்கப் பாஸ்பரஸ் கலந்த ஊட்டத்தில் செல்களை வளர்த்து, உடைத்து, லூபஸ் எதிர்ப்பொருளால் லாவை இழுத்து, அதோடு வந்த ஆர்.என்.ஏ.யை ஜெல்லில் ஓடவிட்டு, எக்ஸ்ரே பிலிமில் பதித்துப் பார்ப்பது முறை. ஒவ்வொரு ஆர்.என்.ஏ.யும் பிலிமில் ஒரு கறுப்புக் கோடாக விழும். சாதாரண செல்களில் விழுந்த கோடுகள் எல்லாம் எப்ஸ்டைன்-பார் தொற்றிய செல்களிலும் விழுந்தன. கூடவே அடர்த்தியாக இரண்டு கோடுகள். அந்த இரண்டும் நம் மரபணுவிலிருந்து வந்தவை அல்ல, வைரஸினுடையவை. 1981இல் மைக்கேல் லெர்னர், ஜார்ஜ் மில்லர் உள்ளிட்டவர்களோடு சேர்ந்து ஸ்டைட்ஸ் இதை வெளியிட்டார். ஈபர்-1, ஈபர்-2 என்று பெயர். ஒன்று 167 நியூக்ளியோடைடு, அதாவது எழுத்து, நீளம், இன்னொன்று 172. இரண்டுமே புரதம் ஆவதில்லை.

சிறிய பொருள்தான். ஆனால் எண்ணிக்கையைக் கேளுங்கள். தொற்றிய ஒரே செல்லுக்குள் 50 லட்சம் பிரதிகள் வரை இருக்கலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு வைரஸ் இவ்வளவு செலவழித்து ஒன்றைச் செய்கிறது என்றால் அது உயிர்நாடியான காரியமாக இருக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றும். 1991இல் ஈபர் மரபணுக்கள் இரண்டையும் வெட்டி எறிந்த வைரஸைச் செய்து பி செல்கள் என்ற வெள்ளணுக்களில் தொற்றவைத்துப் பார்த்தார்கள். அந்த ஊனமான வைரஸும் பி செல்களை ஓயாமல் பிரியும் செல்களாக மாற்றியது. ஈபர் இல்லாதது அதற்குப் பெரிய குறையாகத் தெரியவில்லை.

பி.கே.ஆர். என்ற நோயெதிர்ப்புப் புரதத்தை ஈபர் முடக்குகிறது என்று பாடப்புத்தகங்கள் எழுதுகின்றன. சோதனைக் குழாயில் அது உண்மை. செல்லுக்குள்ளோ ஈபர் இருப்பது உட்கருவில், பி.கே.ஆர். பெரும்பாலும் இருப்பது வெளியே சைட்டோபிளாசத்தில். சந்திக்காத இரண்டு பேரில் ஒருவர் மற்றவரை எப்படி முடக்குவது? இந்தக் கேள்வியை எழுப்பியவர்கள் உண்டு. பாடப்புத்தகங்கள் மட்டும் மாறவில்லை. எனக்கு நம்பிக்கை தருவது 2015இல் மீண்டும் ஸ்டைட்ஸ் ஆய்வகத்திலிருந்து வந்த வேலை. பாக்ஸ்-5 என்பது பி செல்லின் புரதம். எந்த மரபணு ஓட வேண்டும் என்று ஆணையிடுவது. ஈபர்-2 அதைப் பிடித்துக்கொள்கிறது. வைரஸ் டி.என்.ஏ.வின் கோடியில் திரும்பத் திரும்ப வரும் ஒரு தொடர் உண்டு. அங்கே அப்போதுதான் படியெடுக்கப்பட்டு வெளிவரும் ஆர்.என்.ஏ.யோடு ஈபர்-2 எழுத்துக்கு எழுத்து ஜோடி சேர்கிறது. அந்தப் பிடிப்பின் மூலம் பாக்ஸ்-5ஐ அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது. அதாவது நம் செல்லின் அதிகாரியைத் தன் விலாசத்துக்கு அழைத்துப்போகும் வேலை. ஈபரின் பணி முழுவதும் இதுதான் என்று நான் சொல்ல மாட்டேன். நாற்பது வருஷத்துக்குப் பிறகும் ஒரே வரியில் அடக்கிச் சொல்பவரை நீங்களும் நம்ப வேண்டாம்.

இது ஒருபுறம் இருக்க, ஈபர் என்ன செய்கிறது என்று தீராமலே அதை நாங்கள் தினமும் பயன்படுத்துகிறோம். என் வேலை நோய்க்குறியியல். கட்டித் துண்டைப் பார்த்து இன்ன நோய் என்று எழுதித் தருவது. கழுத்தில் நெறிகட்டி வந்த ஒரு சிறுவனின் பயாப்சி வருகிறது என்று வையுங்கள். மெழுகில் பதித்த திசுவை நான்கு மைக்ரான் தடிமனில் சீவி, கண்ணாடிச் சில்லில் ஏற்றி, மெழுகைக் கரைத்து, புரதத்தைக் கொஞ்சம் செரிக்கவிடுவோம். பிறகு ஈபரோடு ஜோடி சேரக்கூடிய ஒரு சின்னத் துணுக்கை அதன்மேல் ஊற்றுவோம். ஈபர் இருந்தால் ஒட்டும். இல்லாவிட்டால் கழுவும்போது போய்விடும். ஒட்டியதைச் சாயம் காட்டிக்கொடுக்கும். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தால், வெளிர்சிவப்பாகச் சின்னச் சின்ன லிம்போசைட்டுகள் நூற்றுக்கணக்கில் பரந்து கிடக்கும். அவற்றுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக, இரட்டைக் கருவோடு பெரிய செல்கள். அந்தக் கருக்கள் மட்டும் கருநீலமாகத் தெறித்துத் தெரியும். சுற்றியிருப்பவற்றில் ஒரு பொட்டுக்கூட இருக்காது. ஹாட்ஜ்கின் லிம்போமா, அதுவும் எப்ஸ்டைன்-பார் ஏறியது என்று எழுதிவிடலாம். நம் நாட்டுக் குழந்தைகளுக்கு வரும் ஹாட்ஜ்கின் கட்டிகளில் பெரும்பாலானவை இப்படித்தான் இருக்கின்றன.

ஒரு செல்லில் லட்சக்கணக்கில் குவிந்திருப்பதால்தான் இந்தச் சோதனை இவ்வளவு பளிச்சென்று வருகிறது. தென் சீனாவின் குவாங்டாங் பகுதியிலும் நம் நாகாலாந்திலும் அதிகமாக வரும் மூக்கின் பின்தொண்டைப் புற்று, வயிற்றுப் புற்றில் பத்தில் ஒரு பங்கு, சிறுநீரகம் மாற்றி வைத்தவர்களுக்கு நோயெதிர்ப்பை அடக்கும் மாத்திரைகளால் வரும் லிம்போமா எல்லாவற்றிலும் வைரஸ் இருக்கிறதா என்று தீர்ப்புச் சொல்வது ஈபர் சாயம்தான். ஆனால் ஆர்.என்.ஏ. சீக்கிரம் சிதையும். எடுத்த துண்டை உடனே ஃபார்மலினில் போடாமல் வைத்திருந்தால் வைரஸ் இருந்தும் இல்லை என்று விடை வரும். அதனால் திசுவில் ஏதாவது ஆர்.என்.ஏ. மிஞ்சியிருக்கிறதா என்று பக்கத்திலேயே இன்னொரு சில்லில் சரிபார்த்துக்கொள்வோம். அதில் சாயம் ஏறவில்லை என்றால் ஈபர் இல்லை என்று எழுதக்கூடாது, மதிப்பிட முடியவில்லை என்றுதான் எழுத வேண்டும். அரங்கில் அறுவை மருத்துவர்கள் இருந்தால் இதைக் காதில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஒருவர் கவலைப்படுவதற்குள் சொல்லிவிடுகிறேன். வைரஸ் இருப்பதாலேயே புற்று வந்துவிடாது. உலகில் ஆண்டுக்கு இரண்டு லட்சம் அளவில் புற்றுகளோடு இதற்குத் தொடர்பு உண்டு என்று மதிப்பிடுகிறார்கள். சுமப்பவர்களோ பல நூறு கோடிப் பேர். பர்கிட் கட்டிக்கு மலேரியாவின் துணை வேண்டியிருக்கிறது. மற்றவற்றுக்கு வேறு வேறு துணைகள்.

அடுத்தது மைக்ரோ ஆர்.என்.ஏ. சுமார் 22 எழுத்து நீளம்தான் இருக்கும். ஒரு மரபணுவின் தூது ஆர்.என்.ஏ.யில் தனக்குப் பொருந்தும் இடத்தில் போய் ஒட்டி, அது புரதமாவதை மட்டுப்படுத்தும். இதை ஒரு சின்னப் புழுவில் முதலில் கண்ட விக்டர் ஆம்ப்ரோஸுக்கும் கேரி ருவ்குனுக்கும் 2024இல் மருத்துவ நோபெல் கிடைத்தது. வைரஸும் மைக்ரோ ஆர்.என்.ஏ. செய்யும் என்று 2004இல் முதன்முதலாகக் காட்டியது நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் தாமஸ் டுஷ்லின் குழு. அவர்கள் கண்டதும் எப்ஸ்டைன்-பாரில்தான். ஐந்து கிடைத்தது.

ஐந்துதானா? இங்கே ஒரு வேடிக்கை. உலகெங்கும் ஆய்வகங்களில் புழங்கும் எப்ஸ்டைன்-பாரின் பெயர் பி95-8. மேலே சொன்ன ஜார்ஜ் மில்லர் ஒரு நோயாளியிடமிருந்து எடுத்து, தென் அமெரிக்கச் சிறு குரங்கு ஒன்றின் செல்களில் வளர்த்தது. 1984இல் 1,72,282 எழுத்துகளையும் ஒன்றுவிடாமல் படித்து வெளியிட்டதும் இதைத்தான். பிறகு பார்த்தால், இந்த வைரஸில் சுமார் 12,000 எழுத்துகள் உதிர்ந்துபோயிருந்தன. மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களில் பெரும்பகுதி அந்த உதிர்ந்த இடத்தில்தான் இருந்தது. நோயாளிகளிடம் இருக்கும் முழு வைரஸைத் தேடிப் பார்த்ததும் மூல வடிவங்கள் 25, அவற்றிலிருந்து வெட்டியெடுக்கப்படுபவை 44 என்று கணக்கு ஏறியது. இதிலிருந்து எனக்குத் தோன்றுவது இது: குடுவையில் வளர்வதற்கு அந்த ஆர்.என்.ஏ.க்கள் வேண்டாம், அதனால் அவற்றைத் தொலைத்தும் வைரஸ் தழைத்தது. மனித உடம்பில், காவலர்கள் சுற்றிக்கொண்டிருக்கும் இடத்தில், தொலைத்தால் கட்டுபடியாகாது.

அவை செய்யும் காரியங்களில் இரண்டை மட்டும் சொல்கிறேன். பார்ட்-2 என்பது வைரஸ் தன்னைப் பெருக்கிக்கொள்ள வேண்டிய டி.என்.ஏ. பாலிமரேஸின் தூது ஆர்.என்.ஏ.யையே வெட்டுகிறது. தன் பெருக்கத்தைத் தானே அடக்கிக்கொள்கிறது. பெருகினால் சத்தம் வரும், பிடிபடும். பார்ட்-5 என்பது நம் செல்லின் பூமா என்ற புரதத்தைக் குறைக்கிறது. சேதமடைந்த செல்லைத் தற்கொலைக்குத் தள்ளும் புரதம் பூமா. அது குறைந்தால் சாக வேண்டிய செல் சாகாது. மூக்கின் பின்தொண்டைப் புற்றில் பார்ட்-5 செய்யும் இந்த வேலையைக் காட்டியவர்கள் ஹாங்காங் ஆராய்ச்சியாளர்கள்.

எப்ஸ்டைன்-பாருக்குத் தாயாதி ஒன்று உண்டு. கபோசி கட்டியை உண்டாக்கும் எட்டாம் ஹெர்ப்பிஸ் வைரஸ். 1994இல் யுவான் சாங், பாட்ரிக் மூர் தம்பதி கண்டுபிடித்தது. நம் செல்களில் மிர்-155 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ. இருக்கிறது, அளவு மீறினால் லிம்போமா பக்கம் தள்ளும். இந்த வைரஸின் கே-11 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ.வுக்கு, எதில் போய் ஒட்டுவது என்று தீர்மானிக்கும் முன்பகுதி மிர்-155க்கு இருப்பதேதான். ஆகவே நம் மிர்-155 எந்த மரபணுக்களை அடக்குமோ அவற்றையே இதுவும் அடக்குகிறது. எப்ஸ்டைன்-பாரிடம் இந்தப் போலி இல்லை. அது நம் மிர்-155ஐயே முடுக்கிவிட்டுவிடுகிறது. இரண்டு வைரஸும் வேறு வேறு வழியில் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

அதே கபோசி வைரஸ் தலைமறைவை விட்டு வெளிவந்து பெருகும் நேரத்தில் பான் என்ற நீண்ட ஆர்.என்.ஏ.யைக் கொட்டுகிறது. செல்லில், கோடியில் பாலி-ஏ என்ற வால் உள்ள ஆர்.என்.ஏ.யில் 80 சதவீதம் வரை அது ஒன்றாகவே இருக்கும். சிதையாமல் இவ்வளவு எப்படிச் சேர்கிறது என்பதை 2010இல் ஸ்டைட்ஸ் தம்பதி இருவரும் பங்குகொண்ட ஆய்வு காட்டியது. பான் தன் வாலைத் தானே மடித்து உள்ளே செருகி மூன்று இழையாக முறுக்கிக்கொள்கிறது. வாலிலிருந்து கொறிக்கத் தொடங்கும் நொதிகளுக்கு நுனி அகப்படுவதில்லை.

உதட்டோரம் நீர்க்கொப்புளம் வரவைக்கும் முதலாம் ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸ் முகத்து நரம்பின் முடிச்சில் தங்குகிறது. 1987இல் அங்கே தேடியவர்களுக்கு வைரஸின் டி.என்.ஏ.விலிருந்து ஒரே ஒரு பகுதிதான் படியெடுக்கப்படுவது தெரிந்தது. லாட் என்று பெயர். அதன் நடுத்துண்டு, வழக்கமாக வெட்டியதும் அழிந்துபோக வேண்டியது, சுருக்குக் கயிறு வடிவில் அழியாமல் நரம்புச் செல்லில் தங்கிவிடுகிறது. வைரஸை எழுப்பிவிடும் ஐ.சி.பி.-0 மரபணுவுக்கு நேர் எதிர் இழையில் லாட் ஓடுகிறது. அதிலிருந்து வெட்டப்படும் மைக்ரோ ஆர்.என்.ஏ. ஒன்று ஐ.சி.பி.-0வை அடக்கவும் செய்கிறது.

மருந்து உண்டா என்று கேட்பீர்கள். ஹெர்ப்பிஸுக்கு அசைக்ளோவிர் நல்ல மருந்து. அதற்கு வழிவகுத்தவர்களில் ஒருவரான கெர்ட்ரூட் எலியன் 1988இல் நோபெல் பெற்றார். ஆனால் அது பெருகிக்கொண்டிருக்கும் வைரஸின் டி.என்.ஏ. வேலையில் புகுந்து கெடுக்கும் மருந்து. தலைமறைவாக இருப்பது பெருகுவதில்லை, அதனால் மருந்து அதன்மேல் படுவதே இல்லை. உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் இந்த ஆர்.என்.ஏ.க்களைக் குறிவைத்து, அவற்றோடு ஜோடி சேர்ந்து முடக்கும் துணுக்குகளை ஆய்வகங்களில் முயன்றுகொண்டிருக்கிறார்கள். நரம்பு முடிச்சிலும், லட்சங்களில் ஒன்றாக ஒளிந்திருக்கும் பி செல்லிலும் அந்தத் துணுக்கைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் கஷ்டம்.

நேர் எதிர்த்திசையில் போன ஒரு முயற்சியும் உண்டு. சைட்டோமெகலோ வைரஸ் என்ற இன்னொரு ஹெர்ப்பிஸ், பீட்டா 2.7 என்ற ஆர்.என்.ஏ.யைச் செய்கிறது. அது செல்லின் மைட்டோகாண்ட்ரியாவில் ஆற்றல் உற்பத்தியின் முதல் கண்ணியைத் தாங்கிப் பிடித்து, செல் சாகாமல் பார்த்துக்கொள்கிறது என்று 2007இல் தெரியவந்தது. வைரஸின் சுயநலம்தான், தான் பெருகி முடிக்கும்வரை செல் உயிரோடு இருக்க வேண்டுமே. பார்க்கின்சன் நோயில் அதே முதல் கண்ணிதான் தளர்ந்து, மூளையின் டோபமின் செல்கள் சாகின்றன. அப்படியானால் வைரஸின் ஆர்.என்.ஏ.யை அங்கே கொண்டுபோனால் என்ன என்று சிலர் யோசித்தார்கள். பீட்டா 2.7இல் ஒரு துண்டை மட்டும் எடுத்து, மூளைக்குள் கொண்டுசேர்க்கும் ஒரு பெப்டைடோடு சேர்த்து, பார்க்கின்சன் போல நோய் வரவழைத்த எலிகளுக்குக் கொடுத்தார்கள். டோபமின் செல்கள் கணிசமாகப் பிழைத்தன. 2012இல் வந்த ஆய்வு அது. எலிச் சோதனைதான், நாளைக்கே மருந்துக்கடையில் கிடைக்கும் என்று யாரும் எழுதிவிட வேண்டாம். பத்திரிகை நண்பர்களைத்தான் சொல்கிறேன்.

கேள்விகளுக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். கேளுங்கள்.